நான்காம் தலைமுறைக் கட்டம்

புதிய படிவத்தில் மூன்றாம் பக்கம் இல்லை. தஞ்சாவூரில் நான் வேலை பார்த்த குழந்தைகள் வளர்ச்சி மையத்தில் இப்போது இருக்கும் இரண்டு பெண்கள் போன மாதம் வீட்டுக்கு வந்து, டேப்லெட்டில் அதைக் காட்டினார்கள். ‘குடும்பத்தில் வேறு யாருக்கும் இப்படி உண்டா?’ என்று ஒரே ஒரு கேள்வி. கீழே ஆம், இல்லை, தெரியாது. ஒன்றைத் தொட்டால் அடுத்த பக்கம் வந்துவிடுகிறது.

“அரை நிமிஷம்கூட ஆகலக்கா. இந்தப் பக்கத்துக்காகவா நீங்க மீட்டிங்ல அவ்வளவு சண்டை போட்டீங்க?” என்றாள் சின்னவள். “ஏன்னு எங்களுக்கு எழுதிக் கொடுங்களேன்.”

எழுதுகிறேன். தலைப்புக்குக் கீழே ‘ஓய்வு பெற்ற சிறப்பாசிரியர்’ என்று போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். ஒப்பந்தப் பணியாளருக்கு ஓய்வெல்லாம் கிடையாது. எனக்கு முப்பத்தாறு வயதுதான். பதினோரு வருடம் வேலை பார்த்தேன். பிறகு என் மகனுக்காக விட்டேன். விட்டது சரிதானா என்று வாரத்தில் மூன்று நாள் தோன்றும். மற்ற நாட்களில் அதை நினைக்க அவன் விடுவதில்லை. ஆனால் அந்தப் பக்கத்தை எடுக்கக் கூடாது என்று நான் சொன்னது சரியா என்ற சந்தேகம் எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

நான் நன்னிலம் பக்கம். அப்பா பஸ் கண்டக்டர். உளவியலில் பட்டம், சிறப்புக் கல்வியில் டிப்ளமோ, அதன் பிறகு இந்த வேலை. படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. வேலையை நான் உண்மையில் கற்றது டாக்டரம்மாவிடம். குழந்தைகள் மனநல மருத்துவர். அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. கூட வந்த தாய் உட்காரும்வரை அவரும் உட்கார மாட்டார். பள்ளிக்கூடம் எழுதி அனுப்பிய புகார்க் கடிதத்தை முதல் சந்திப்பில் பிரிக்கவே மாட்டார். “அதுல என்ன இருக்கும்னு அந்த அம்மா முகத்துலயே இருக்கு. அப்புறம் படிக்கலாம்” என்பார்.

குழந்தை ஓரிடத்தில் உட்காராது, சொன்னதை அடுத்த நிமிடம் மறந்துவிடும், பேசிக்கொண்டிருப்பவர் வாயிலிருந்து வார்த்தையைப் பிடுங்கும், மாதம் மூன்று பென்சில் பெட்டி தொலைக்கும். வீட்டில் இதற்குச் சேட்டை என்று பெயர், பள்ளிக்கூடத்தில் திமிர் என்று பெயர். எங்கள் கோப்பில் ஏடிஎச்டி. மையத்துக்கு வரும் தாய்மார் உட்கார்ந்ததும் கேட்பது ஒன்றைத்தான்: “நான் என்ன தப்பு பண்ணேன்?”

டாக்டரம்மா ஒரே பதிலைத்தான் வருடக்கணக்காகச் சொன்னார். இது மூளை வளரும் விதத்தில் உள்ள வித்தியாசம். நிறுத்து, பொறு, ஒருமுறை யோசி என்று சொல்லும் முன்பகுதி பக்குவப்பட மற்றக் குழந்தைகளைவிட நாள் எடுத்துக்கொள்கிறது. உயரம் எப்படிக் குடும்பத்தில் வருகிறதோ, கிட்டத்தட்ட அப்படித்தான் இதுவும் வருகிறது. ஒரு மரபணுவின் வேலை இல்லை இது. ஏராளமான சின்னச் சின்ன வித்தியாசங்கள், தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒன்றுமில்லை, சேர்ந்தால்தான் கனம். குறைமாதப் பிறப்பு, எடைக் குறைவு, வயிற்றில் இருக்கும்போது பட்ட புகை, ஈயம், இவையும் வாய்ப்பைக் கூட்டும். இனிப்பு காரணமில்லை. செல்லம் காரணமில்லை. அடிக்காமல் வளர்த்ததும் காரணமில்லை.

இதை வாயால் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதற்காகத்தான் மூன்றாம் பக்கம். கோடு போடாத வெள்ளைத் தாள். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். குழந்தையிலிருந்து தொடங்கி மேலே பெற்றோர், அதற்கு மேலே தாத்தா பாட்டிகள். கணவன் மனைவிக்கு நடுவே ஒரு கோடு, சொந்தத்தில் கட்டியிருந்தால் இரட்டைக் கோடு. பரிசோதித்துப் பெயர் வைத்தவருக்கு மட்டும் கட்டத்துக்குள் நிழல் போட வேண்டும். மூன்று தலைமுறை போதும். இரட்டைக் கோடு வந்தால், இரண்டு பக்கமும் மேலே எங்கே சேர்கிறதோ அதுவரை போக வேண்டும்.

நான் முதலில் பேனாவில் வரைந்தேன். டாக்டரம்மா தாளைத் திருப்பி வைத்தார். “பென்சில்ல போடு. முதல் தடவை சொல்ற பதில் நம்மளுக்காகச் சொல்றது. இரண்டாம் தடவை சொல்றதுதான் நடந்தது.”

எப்படிக் கேட்பது என்பதும் அவர் வகுத்ததே. யாருக்காவது வியாதி உண்டா என்று கேட்கவே கூடாது. ‘எங்க குடும்பத்துல அதெல்லாம் இல்லீங்க’ என்று பேச்சு அதோடு முடிந்துவிடும். படிப்பைப் பாதியில் விட்டவர் யார், சாவியைத் தொலைப்பவர் யார், இலையில் உட்கார்ந்து பாதியில் எழுந்து போகிறவர் யார், வண்டியை அடிக்கடி கீழே போடுபவர் யார் என்று கேட்க வேண்டும். அப்போது கட்டங்கள் சிரித்துக்கொண்டே நிறையும். ஒன்றை மட்டும் வாயைத் திறந்து சொல்லக் கூடாது என்றார்: இது இன்னாரிடமிருந்து வந்தது என்று.

நான் சொன்னேன். அதனால் ஒரு பெண் குழந்தையை வீட்டைவிட்டே அனுப்ப இருந்தார்கள்.

யாழினிக்கு அப்போது ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். அம்மா செல்வி என்னைவிட மூன்று வயது இளையவள், பிளஸ் டூ வரை படித்தவள். அப்பா இளங்கோவன் அறுவடை இயந்திரம் ஓட்டுகிறவர், பாதி வருடம் ஆந்திரா, கர்நாடகம் என்று வயல் வயலாகப் போய்விடுவார். வீட்டில் முடிவெடுப்பவர் இளங்கோவனின் அப்பா கலியமூர்த்தி. செல்விக்கு அவர் மாமனார் மட்டுமில்லை, அம்மாவுடன் கூடப் பிறந்த தாய்மாமன். இளங்கோவன் அவளுக்கு மாமன் மகன். அத்தை மகளை வெளியே கொடுத்தால் நிலம் துண்டாகும் என்று சொந்தத்தில் முடித்திருந்தார்கள்.

அந்த நிலத்துக்கு ஒரு கதை உண்டு. கலியமூர்த்தியின் அப்பா மாரிமுத்து மிராசுதாரிடம் குத்தகைக்குச் சாகுபடி செய்தவர். குத்தகைதாரர் பெயரைப் பதிய வேண்டும் என்று ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்து, அடி வாங்கி, இரண்டு முறை ஜெயிலுக்கும் போய், கடைசியில் ஊரில் முப்பது குடும்பத்துக்குப் பதிவு வாங்கித் தந்தவர். அதற்குப் பிறகு கோட்டையில் இரண்டு கட்சியும் மாறி மாறி உட்கார்ந்தன. இரண்டு கட்சிக்காரர்களும் அவருடைய நினைவு நாளுக்கு மாலை கொண்டு வருவார்கள். யாழினி எங்களிடம் வந்த வருடம் அந்த வயல்களில் எரிவாயுக் கிணறு தோண்ட ஆட்கள் அளக்க வந்திருந்தார்கள். ஊர் எதிர்த்து நின்றது. முச்சந்தியில் மாரிமுத்துவின் படத்தோடு பெரிய தட்டி. முன்னால் நின்றவர் கலியமூர்த்தி.

முதல் சந்திப்புக்குச் செல்வி மட்டும் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தாளை வரைய ஆரம்பித்தேன். இரட்டைக் கோடு வந்தது, எனவே மேலே போனேன். இளங்கோவனின் அப்பாவும் செல்வியின் அம்மாவும் உடன்பிறப்புகள். அவர்களுக்கு மேலே நான்காம் தலைமுறையில் ஒரே கட்டம்.

“அதுதான் தாத்தா. உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லக்கா. தட்டைக் கையில வச்சுக்கிட்டு நடப்பாரு. குடையை எத்தனை தொலைச்சிருப்பாருன்னு கணக்கே இல்ல. பேச ஆரம்பிச்சா எதிராளிக்கு இடமே கிடையாது” என்றாள் செல்வி. சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தி, அலமாரி மேல் ஏறிக்கொண்டிருந்த மகளைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கும் அதே நினைப்புதான்.

இங்கே என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். என் மகனுக்கு அப்போது மூன்று வயது. ஏழாம் மாதத்தில் பிறந்தவன். ஜன்னல் கம்பியில் ஏறி நின்று தெருவைக் கூப்பிடுவான். கர்ப்பத்தோடு தினமும் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போனதால்தானோ என்று நான் தூக்கத்திலும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் டாக்டரம்மாவிடமே கேட்டுவிட்டேன். “குறைமாதம் வாய்ப்பைக் கூட்டும், தீர்மானிக்காது. மூணு வயசுல எல்லாப் பிள்ளையும் ஏறும். பஸ்ல ஏறினதுக்குத் தண்டனைன்னு எந்தப் புத்தகத்துலயும் இல்ல” என்றார். ஊருக்கெல்லாம் நான் சொன்ன பதில்தான், ஆனால் என் மேலேயே அது ஒட்டவில்லை. அதனால்தானோ என்னவோ, செல்வியை யாராவது குறை சொன்னால் எனக்குத் தாங்கவில்லை.

இரண்டாவது முறை எல்லோரும் வந்தார்கள். டாக்டரம்மா உள்ளறையில் யாழினியோடு இருந்தார். வெளியே என் மேசைக்கு எதிரே கலியமூர்த்தி, செல்வி, இளங்கோவன். இளங்கோவனின் வலது கால் ஒரு நொடி நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது.

“ஏம்மா, சுத்தி வளைக்காம நான் சொல்லிடறேன்” என்றார் கலியமூர்த்தி. “இது வளர்ப்பு. அப்பன் ஊர்ல இல்ல, இவ அடிக்க மாட்டா, புள்ள தலைமேல ஏறி உட்கார்ந்துடுச்சு. ஸ்கூல்ல டிசி வாங்கிக்கச் சொல்றாங்க. வாங்கிட்டு ஜூன்ல திருச்சியில ஹாஸ்டல்ல போட்டுடலாம்னு இருக்கேன். கண்டிப்பான எடம்.”

“மாமா, அது ராத்திரி நான் இல்லாம தூங்காது” என்றாள் செல்வி.

“பார்த்தியாம்மா? இதைத்தான் சொல்றேன்.”

“இளங்கோவன் எத்தனாவதுவரை படிச்சாருங்க?” என்று கேட்டேன்.

“எட்டு. அதுலேருந்து மெக்கானிக், பால் வண்டி, செங்கல் சூளை, இப்போ மெஷின். எதுலயும் நிக்க மாட்டான். அது வேற.”

“என்னப்பா வேற?” என்றார் இளங்கோவன்.

“நீ சும்மா இரு.”

செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிந்த தலையைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ அறுந்தது. தாளை எடுத்து அவர் முன்னால் திருப்பி வைத்து, மேல் கட்டத்தில் விரலை ஊன்றினேன்.

“செல்வி காரணமில்லீங்க ஐயா. இது உங்க அப்பாகிட்டேருந்து வந்தது.”

கலியமூர்த்தி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். அப்பாவின் பெயரை வாய்க்குள் படித்தார்.

“எங்கப்பாவுக்குப் பைத்தியம்ங்கிறியா?”

“அப்படிச் சொல்லலீங்க…”

“ஜெயிலுக்குப் போன மனுஷனை ஒரு தாள்ல கட்டம் போட்டு அடைச்சு வச்சிருக்கே. எழுந்திரு செல்வி. புள்ளையக் கூப்பிடு.”

போய்விட்டார்கள்.

டாக்டரம்மா நடந்ததைக் கேட்டுவிட்டுத் தாளை வாங்கிப் பார்த்தார். “நீ சொன்னது உண்மையா?” என்றார்.

“உண்மைதான் மேடம்.”

“உனக்குத் தெரியாது. அவரை நீயும் பார்க்கல, நானும் பார்க்கல. செத்துப்போனவருக்கு யாரும் பரிசோதனை பண்ண முடியாது.” தாளை என் பக்கம் தள்ளினார். “ஒரு பொண்ணைக் குற்றவாளிக் கூண்டுலேருந்து இறக்கணும்னு நினைச்சே, நல்லது. இன்னொருத்தரைப் பிடிச்சு ஏத்திட்டே. கூண்டு அங்கேயேதான் நிக்குது.”

அவர் திட்டியிருந்தால் அழுதிருப்பேன். அதற்குக்கூட வழி வைக்கவில்லை.

மூன்று வாரம் அவர்கள் வரவில்லை. பிறகு செல்வி போன் செய்தாள். டிசிக்கு மாமா எழுதிக் கொடுத்துவிட்டார், ஹாஸ்டலுக்குப் பணமும் கட்டியாயிற்று என்றாள். “அக்கா, யாழினி நேத்து கேக்குறா, ‘நான் சரியாயிட்டா வீட்டுக்கு வரலாமா’ன்னு. இதுல சரியாகறதுக்கு என்ன இருக்கு? நான் என்ன சொல்றது?” நான் பேசியதால் வந்த வினை என்பது மட்டும் தெரிந்தது. அழைக்காமல் வீட்டுக்குப் போகக் கூடாது என்பது மைய விதி. விதியை மீறும் ஆள் நான் இல்லை. போகவா வேண்டாமா என்று நான்கு நாள் யோசித்தேன்.

ஐந்தாம் நாள் கலியமூர்த்தியே வந்தார், தனியாக. அன்று டாக்டரம்மா விடுப்பு.

“அந்தத் தாளை எடும்மா.”

எடுத்து வைத்தேன்.

“எங்கப்பா பேரை இதுலேருந்து எடுத்துடு. அங்க தட்டியில அவர் படத்தை வச்சுக்கிட்டு நாங்க நிக்கிறோம். இந்தப் பேச்சு கம்பெனிக்காரன் காதுக்குப் போச்சுன்னா, ‘மூளை சரியில்லாதவன் வாரிசுங்க கத்துதுங்க’ன்னு சொல்ல மாட்டானா? பென்சில்தானே? அழி.”

ரப்பர் மேசை மேலேயே கிடந்தது. பெரியவர் சொன்னால் செய்கிறவள் நான். பள்ளியிலும் அப்படி, புகுந்த வீட்டிலும் அப்படி. கைகூட நீண்டது. ஆனால் தாளைப் பார்த்ததும் நின்றது.

“அழிக்க மாட்டேங்க ஐயா.”

“நீ எழுதினதை நீ அழிக்க முடியாதா?”

“முடியும். அழிச்சா என்ன மிச்சம்னு நீங்களே பாருங்க.” மேல் பாதியை உள்ளங்கையால் மறைத்தேன். “தாத்தா இல்ல. அவர் போனா அவர் வழியா வந்தவங்களும் போகணும். நீங்க இல்ல. செல்வியோட அம்மா இல்ல. இளங்கோவன் ஆந்திராவுல. மிச்சம் யாரு? செல்வி, அவ புள்ள. ஊரே அவளைத்தான் பார்க்கும். இப்போ நீங்க பார்க்கிற மாதிரி.”

அவர் என் கையை நகர்த்திவிட்டுத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“அன்னைக்கு நான் பேசினது தப்பு. உங்க அப்பாவுக்கு இது இருந்துச்சுன்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல. மன்னிச்சுக்குங்க. கட்டத்துல பேர் மட்டும்தான் இருக்கு, நிழல் போடல, போடவும் மாட்டேன். ஆனா அவர் இந்தக் குடும்பத்துல இருந்தாருல்ல? அதை எப்படிங்க அழிக்கிறது?”

“அப்போ இந்தப் புள்ளைக்கு மூளை கம்மியா?”

“இல்லீங்க. ஆத்துல தண்ணி வருது, வாய்க்கால் சுத்தமா இருக்கு. மதகு ஷட்டரை ஏத்தி இறக்குற ஆள் மட்டும் லேட்டா வர்றான். ஒரு நாள் வயல் முழுகுது, ஒரு நாள் காயுது. அதுக்கு வயலை அடிச்சா ஆள் சீக்கிரம் வருவானா?”

“வயலை எவன்மா அடிப்பான்?” என்றார் எரிச்சலாக. பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

“அவரை அவங்க ஆத்தா சின்ன வயசுல தூண்ல கட்டிப்போடுமாம். மூணாவதுல வாத்தியார் வேணாம்னு வீட்டுக்கு அனுப்பிட்டாரு” என்றார் தாளைப் பார்த்தபடியே. “குத்தகைப் பதிவுக்குத் தாசில்தார் ஆபீஸ் போன அன்னைக்கு ஊர்ப் பத்திரம் பூரா வீட்டுலயே வச்சுட்டுப் போயிட்டாரு. ஏழு மைல் திரும்பி நடந்து வந்தாரு. அதுக்கப்புறம் எந்தக் காகிதமா இருந்தாலும் எங்கம்மாதான் மடியில கட்டிக்கிட்டுப் பின்னாலயே போகும். ஜனங்க சிரிப்பாங்க, ‘தலைவர் முன்னால, ஆபீஸ் பின்னால’ன்னு. அது மட்டும் இல்லேன்னா முப்பது குடும்பத்துக்கும் ஒரு பதிவும் ஆகியிருக்காது.”

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

“அவருக்கு எங்கம்மா இருந்துச்சு” என்றார். கொஞ்சம் கழித்து, “இளங்கோவுக்கு நான்தான் இருந்தேன். பெல்ட்டால அடிச்சேன்.”

எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பினார்.

“அழிக்க வேணாம். நிழலும் போட்டுடாதே.”

“போட மாட்டேங்க.”

ஹாஸ்டலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ என்று அன்று முழுக்க மருகிக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்துச் செல்வி போன் செய்து, பள்ளிக்கூடத்துக்குக் கூட வர முடியுமா என்று கேட்டாள். அவளே அழைத்ததால் விதிக்கும் பழுதில்லை. அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, டாக்டரம்மாவின் கடிதத்தோடு போனேன். முன் பெஞ்சு, சின்னச் சின்னதாகப் பிரித்த வீட்டுப் பாடம், அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நடக்க ஒரு வேலை, இவ்வளவுதான் கடிதத்தில் கேட்டிருந்தது. மாத்திரை வேண்டுமா என்பதை மையத்தில் நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

தலைமையாசிரியை டிசியைத் தயாராக வைத்திருந்தார். செல்வி அதைத் தொடவில்லை.

“வேணாம் மேடம். புள்ள இங்கேயே படிக்கட்டும்.”

“உங்க மாமனார் கையெழுத்துப் போட்டிருக்காரே?”

“அவர்தான் வேணாம்னு சொல்லிட்டு வரச் சொன்னாரு.” மாமனாரின் கையெழுத்தோடு இன்னொரு கடிதத்தை நீட்டினாள்.

தலைமையாசிரியை அதையும் நான் கொடுத்த டாக்டரம்மாவின் கடிதத்தையும் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். “பரம்பரைன்னு நீங்க எழுதிக் கொடுத்துடுறீங்க. அம்மா வளர்ப்புன்னு ஒண்ணு இல்லையா?”

பதில் சொல்ல நான் வாயெடுத்தேன். செல்வி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“இருக்கு மேடம். நாலு வருஷமா ஒரு நாள் விடாம இங்க திட்டு வாங்குறா. மறுநாள் காலையில தானா எழுந்து, சிரிச்சுக்கிட்டு ஸ்கூலுக்குக் கிளம்புறா. அது என் வளர்ப்பு. மத்தது அவ பொறக்கும்போதே கூட வந்தது.”

முன் பெஞ்சில், ஜன்னல் இல்லாத பக்கத்தில் இடம் வாங்கிய பிறகுதான் அவள் நாற்காலியிலிருந்து எழுந்தாள்.